மூத்தோர் உணவுத் திட்டத்தில் உதவியாளர் வேலை: சேர நினைப்பவர்களுக்குச் சில அனுபவங்கள்

மூத்தோருக்கான உணவுத் திட்டத்தில் உதவியாளர் வேலை என்றதும் காய் நறுக்குவது, சோறு அள்ளுவது, பெட்டி கட்டுவது என்றுதான் பலருக்கும் தோன்றும். அதெல்லாம் இருக்கிறது. ஆனால் வேலையின் உயிர் அதில் இல்லை. உணவியல் நிபுணர் மெனு போட்டுத் தருகிறார், சமையல்காரர் சமைக்கிறார். அந்தச் சாப்பாடு உரியவரின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அவர்கள் இருவருக்கும் தெரியாது. கதவைத் தட்டிப் பெட்டியைக் கொடுப்பவருக்கும், மூத்தோர் நிலையத்தில் சாப்பிட்ட தட்டை எடுப்பவருக்கும்தான் தெரியும். சாப்பிடாத சத்துணவால் யாருக்கும் சத்து வரப்போவதில்லை. அதனால் பார்ப்பதும், பார்த்ததைச் சொல்வதும் இந்த வேலையில் பாதி.

நான் இருப்பது சிங்கப்பூரில் ஒரு தொண்டு அமைப்பின் சமையலறையில். காலையில் சமையல், அப்புறம் பெட்டி கட்டுதல், பிறகு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் இருக்கும் மூத்தோர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தல். சில நாள், மூத்தோர் கூடும் துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் மதிய உணவு பரிமாறுவேன். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் சமைக்கிறோம். தமிழ் பேசுகிற ஆள் என்பதால் தமிழ்ப் பாட்டிகள், தாத்தாக்களின் வீடுகள் பெரும்பாலும் என் பட்டியலுக்குத்தான் வரும்.

முதலில் உணவுப் பாதுகாப்பு. சாப்பாட்டைக் கையாள்பவர்கள் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஏற்றுக்கொண்ட உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலையை முடித்திருக்க வேண்டும். சில பயிற்சி நிலையங்களில் தமிழிலும் நடத்துகிறார்கள். அங்கே சொல்லித் தரும் 5 டிகிரி, 60 டிகிரி என்ற இரண்டு எண்களை மறக்கவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சூடான உணவு 60க்கு மேலேயே இருக்க வேண்டும், குளிர வைத்தது 5க்குக் கீழே போக வேண்டும். வெப்பமானியைத் தட்டின் ஓரத்தில் குத்திப் பார்த்து எழுதிவிடாதீர்கள். நடுவில், ஆழத்தில் குத்துங்கள். அதற்கு முன் ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

பெட்டியின் மேல் நேரத்தை ஒட்டுகிறோம். சமைத்து முடித்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது கணக்கு. நம் ஆட்களுக்கு இது எளிதில் மனத்தில் ஏறாது. “சோறுதானே, ராத்திரி வரைக்கும் ஒன்னும் ஆகாது” என்பார்கள். சோற்றில்தான் சிக்கலே. பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கும். வேகவைத்த சோறு நம் ஊர் வெக்கையில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அதில் ஒரு வகை நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. இளைஞருக்கு ஒருநாள் வாந்தியோடு போவது, எண்பது வயதுக்காரரை மருத்துவமனைப் படுக்கையில் கிடத்திவிடும்.

மதியம் கொடுக்கும் பெட்டியில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை மேசையிலேயே மூடி வைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் பட்டியலில் ஒரு பாட்டி, வாடகை வீட்டில் தனியாக இருப்பவர். எப்போது போனாலும் மேசையில் முந்தைய நாள் பெட்டி இருக்கும். மேலே ஒரு தட்டு, அந்தத் தட்டின் மேல் அசையாமலிருக்க ஒரு டம்ளர். “பாதி இப்ப, பாதி ராத்திரிக்கு. வீணாக்கக் கூடாதும்மா” என்பார். அவரைத் திட்டிப் பயனில்லை. பஞ்சம் பார்த்த தலைமுறை. சோற்றைக் கொட்டச் சொன்னால் மனம் நொந்துபோகும்.

ஏன் பாதி வைக்கிறார் என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். சிலருக்கு ஒரு வேளையில் அவ்வளவு சாப்பிட முடியாது. சிலருக்குப் பெட்டி பதினொன்றரைக்கே வந்துவிடும், அப்போது பசியே இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேறு வழி இல்லை, அதுதான் உண்மை. இந்த மூன்றுக்கும் தீர்வு ஒன்றல்ல. பசி குறைந்தவர் என்றால் உணவியல் நிபுணரிடம் சொல்லி, அளவு சிறிதாகவும் சத்து கூடுதலாகவும் மாற்றக் கேட்கலாம். நேரம்தான் காரணமென்றால் வண்டியின் வரிசையில் அவர் வீட்டைக் கடைசிக்குத் தள்ள முடியுமா என்று பார்க்கலாம். ராத்திரிக்கு இல்லையென்றால் இரண்டு வேளை உணவுக்குப் பதிவு செய்ய நிலைய ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

அதுவரைக்கும் நான் செய்வது இதுதான். பெட்டியைக் கொடுத்த கையோடு, “பாட்டி, ராத்திரிக்கு வேணுங்கிறதை இப்பவே, சூடா இருக்கும்போதே தனியா எடுத்து பிரிட்ஜ்ல வெச்சிரலாமா?” என்று கேட்பேன். சாப்பிட்டு எச்சில் பட்ட மீதியை வைப்பதைவிட, கை படாததை முன்பே பிரித்து வைப்பது எவ்வளவோ மேல். ராத்திரி ஆவி பறக்கச் சுடவைத்துச் சாப்பிட வேண்டும், ஒரு தடவைதான். ஆனால் இதைச் சொல்லும் முன் பிரிட்ஜ் ஓடுகிறதா என்று பாருங்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து அணைத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். திறந்தால் உள்ளே மடித்த துணியும் மருந்துப் பைகளும் இருக்கும். அந்த வீட்டில் ‘பிரிட்ஜில் வையுங்கள்’ என்ற அறிவுரையால் என்ன பயன்? இந்தத் தகவல் எந்தப் படிவத்திலும் வராது. நீங்கள் சொன்னால்தான் அலுவலகத்துக்குத் தெரியும், மின்கட்டண உதவிக்கு யாரையாவது பார்க்கச் சொல்வார்கள்.

அடுத்து, விழுங்கச் சிரமப்படுபவர்களின் சாப்பாடு. பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன்ஸ் உள்ளவர்கள், மறதிநோய் முற்றியவர்கள் எனப் பலர் இதில் உண்டு. ஐடிடிஎஸ்ஐ என்ற உலகப் பொது அளவுமுறையில் 0 முதல் 7 வரை நிலைகள் இருக்கின்றன. தண்ணீர் 0, சாதாரண உணவு 7. நாம் அதிகம் கையாள்வது 4, 5, 6. நான்காம் நிலை மசித்த கூழ்: கரண்டியைச் சாய்த்தால் ஒட்டாமல் ஒரே கட்டியாக விழ வேண்டும், முள்கரண்டியின் இடுக்கில் ஒழுகி ஓடக் கூடாது. ஐந்தாம் நிலையில் துண்டுகள் 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சாதாரண முள்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய அதுதான், அளவுகோல் தேட வேண்டாம். ஆறாம் நிலை மென்மையான சிறு துண்டுகள், ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

இதை நம் சமையலோடு பொருத்திப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சியில் காட்டும் உதாரணங்களில் ரசம் வராது. ஆனால் உடம்பு சரியில்லாதவருக்குத் தமிழ்க் குடும்பம் முதலில் கொடுப்பது ரசம் சோறுதான். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது நல்லதல்ல. வாயில் போட்டதும் ரசம் தனி, பருக்கை தனி. பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்குள் ஓடிவிடும். மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரை கொண்டுபோய்விடும். தண்ணீர் தனியாக நிற்கும் கஞ்சியும் அப்படித்தான். அதே சுவையை வேண்டுமென்றால் பருப்பும் சோறும் குழைய வேகவைத்து, ரசத்தையே ஊற்றி மசித்து, தண்ணீர் பிரியாத பதத்தில் கொடுக்க வழி இருக்கிறது. எங்கள் சமையலறையில், விழுங்கும் சிக்கலையும் கவனிக்கும் பேச்சு சிகிச்சையாளரைக் கேட்டு அப்படிச் செய்தோம். முன்பு இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்ட தாத்தா ஒருவர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். மிளகும் சீரகமும் அவருக்குத் தெரிந்த வாசம். உலர்ந்த இட்லி, ரொட்டி போன்றவை மெத்தென்று இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். உலர்ந்து தொண்டையில் ஒட்டுவதும் ஆபத்துதான்.

நிலையை நாமாக ஒருபோதும் மாற்றக் கூடாது. “இன்னைக்கு மட்டும் கொஞ்சம் சாதாரணச் சோறு கொடுங்க, ஆசைப்படுறார்” என்று மகளோ மருமகளோ சொல்லும்போது மறுப்பது கஷ்டம்தான். மறுத்துவிட்டு, அந்த ஆசையைச் சிகிச்சையாளரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். மறு பரிசோதனையில் ஒரு நிலை உயர்த்துவதும் நடக்கும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரப்பது, கண்ணில் நீர், கன்னத்தில் சோற்றை அடக்கி வைத்திருப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வாரக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம். 2022ஆம் ஆண்டின் தேசியச் சத்துணவு ஆய்வின்படி சிங்கப்பூரர் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார். பரிந்துரைக்கப்படுவது 2,000. ஆகையால் சமையலறையில் உப்பைக் குறைப்பது சரிதான். ஆனால் வயதானவர்களுக்குச் சுவை உணர்வு ஏற்கெனவே மங்கியிருக்கும், மருந்துகளால் வாய் உலர்ந்தும் இருக்கும். உப்பை மட்டும் எடுத்துவிட்டு வேறெதுவும் சேர்க்காவிட்டால், வீட்டில் ஊறுகாய் பாட்டிலோ சோயா சாஸ் பாட்டிலோ திறக்கும். நாம் குறைத்த உப்பைவிடக் கூடுதலாகவே உள்ளே போகும். நமக்கோ கை நிறைய வழி இருக்கிறது: எலுமிச்சை, இஞ்சி, வறுத்துப் பொடித்த சீரகம், தாளித்த கறிவேப்பிலை, இறக்கும்போது தூவும் கொத்தமல்லி. சமையல்காரர் சீனரோ மலாய்க்காரரோ என்றால் அவரோடு பேசிப் பழகுங்கள். எங்கள் தலைமைச் சமையல்காரருக்குத் தாளிப்பைக் கடைசியில் கொட்டும் பழக்கம் புதிது. இப்போது தமிழ்ச் சைவப் பெட்டிக்கு அவரே கடுகை எடுத்து வைக்கிறார்.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு நல்லது. சிறுநீரக நோயாளிக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நல்ல மனத்தோடு செய்வதே கெடுதலாக முடியும் இடம் இது. வாழைப்பழமும் இளநீரும் உடம்புக்கு நல்லவை என்று தொண்டூழியர்கள் அன்போடு கொண்டுவந்து கொடுப்பார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவருக்கு ஆகாது. நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. சிறுநீரகம் பழுதானவரின் உடம்பு அதன் நஞ்சை வெளியேற்ற முடியாமல் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும், உயிருக்கே ஆபத்தாகலாம். கீரை கொடுக்கலாமென்று உணவியல் நிபுணர் சொன்னால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பழக்கூடை வரும் நாளில் யார் யாருக்கு எது கூடாது என்ற தாளை மேசைமேல் ஒட்டிவிடுங்கள். தொண்டூழியர் வாரம் ஒருவர் மாறுவார், தாள் மாறாது.

பெட்டியில் ஒட்டும் நிறச் சீட்டுகளும் அப்படித்தான். நீரிழிவு, சைவம், மென்மையான உணவு, வெங்காயம் பூண்டு இல்லாத சைவம் என்று பல வகை. கடைசியாகச் சொன்னது பௌத்த மூத்தோருக்கு, நம்மவர்களிலும் விரத நாளில் சிலர் கேட்பார்கள். ஹலால் சமையலறையில் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுவரக் கூடாது. வீட்டிலிருந்து கட்டி வந்த மதிய உணவையும் வெளியில்தான் வைக்க வேண்டும். சைவத்துக்குக் கரண்டி, பாத்திரம் தனி. “ஒரே கரண்டிதானே, கழுவிட்டேன்” என்று யாராவது சொன்னால் மெதுவாக, ஆனால் உறுதியாகத் தடுங்கள். வாழ்நாள் முழுக்க ஒரு நெறியைக் கடைப்பிடித்தவர், நம்மை நம்பி, பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று பாராமல் சாப்பிடுகிறார்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆரோக்கியத் தட்டு முறை எளிது: பாதித் தட்டு காய்கறி பழம், கால் தட்டு முழுத் தானியம், கால் தட்டு புரதம். ஆனால் நம் பாட்டிகளின் தட்டில் முக்கால்வாசி சோறு, மேலே ரசம், ஓரத்தில் அப்பளம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் தேவை என்கிறது வாரியம். 50 கிலோ உள்ளவருக்கு 60 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். சைவக்காரருக்கு இது மலைபோலத் தெரியும். எங்களுக்குக் கைகொடுத்தது தௌக்வா, அதாவது சோயாவில் செய்த கெட்டியான டோஃபு. தேக்கா சந்தையில் மட்டுமல்ல, எந்த ஈரச்சந்தையிலும் கிடைக்கும், மலிவு, மெல்லவும் எளிது. வெறுமனே வேகவைத்து வைத்தால் சீண்ட மாட்டார்கள். சிறு துண்டுகளாக்கி மிளகு, மஞ்சள், கறிவேப்பிலை போட்டுப் பொரியல் செய்தால், அல்லது சாம்பாரில் காயோடு காயாகக் கலந்தால் தட்டு காலியாகும். சோற்றைக் குறைக்கச் சொல்லிப் போராடுவதைவிடப் புரதத்தை முதலில் பரிமாறுவது பலன் தருகிறது. நிலையத்தில் நான் தௌக்வாவையும் காயையும் முதலில் வைத்துவிட்டு, இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு சோற்றோடு வருவேன்.

இனிப்புத் தேநீர் விஷயத்தில் அறிவுரை எடுபடாது. கோப்பிக் கடையில் எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுங்கள். “தே சி கோசோங்” என்றால் சர்க்கரையில்லாமல் பால் சேர்த்துத் தருவார்கள். முதலில் “சியூ தாய்” என்று குறைத்துக் கேட்டு, நாக்கு பழகியதும் கோசோங்குக்கு மாறட்டும்.

இனிக் கதவு. பெட்டியைக் கேட்டில் மாட்டிவிட்டு ஓடக் கூடாது. தட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், முகத்தைப் பாருங்கள். சீனப் பாட்டி வீடாக இருந்தாலும் மலாயில் “சூடா மாக்கான்?” (சாப்பிட்டாச்சா?) என்று கேட்டால் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில் ஒரு பக்க வாய் கோணியிருந்தால் பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆம்புலன்சுக்கு 995. திறக்காவிட்டால் நிலையத்துக்கு அழைத்துச் சொல்லாமல் அடுத்த மாடிக்குப் போகாதீர்கள். நாள் தவறாமல் ஒருவரைப் பார்க்கும் ஒரே ஆள் நீங்களாக இருக்கக்கூடும். மோதிரம் விரலில் சுழல்கிறதா, கைக்கடிகாரம் முழங்கை வரை நழுவுகிறதா, பல்செட் கழன்று ஆடுகிறதா, எல்லாம் எடை குறைவதன் அடையாளங்கள். பல்செட் ஆடினால் மெல்ல முடியாது, மெல்ல முடியாவிட்டால் இறைச்சியையும் காயையும் ஒதுக்குவார்கள். தட்டில் ஒதுக்கியதைப் பார்த்து ‘வாய்க்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதாமல் வாயைப் பாருங்கள்.

எழுதுவது என்றதும் சொல்ல வேண்டியது: ‘சரியாகச் சாப்பிடவில்லை’ என்ற குறிப்பு யாருக்கும் உதவாது. ‘சோறு முழுதும், மீன் அப்படியே, காய் பாதி, மூன்று நாளாக’ என்று எழுதினால் உணவியல் நிபுணர் உடனே ஏதாவது செய்வார். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, என்ன, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றும் இருந்தால் போதும். மேலே இருப்பவர்கள் கேட்கவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள். முன்பு நான் இருந்த இடத்தில் இந்தக் குறிப்புகளை யாரும் படிக்கவில்லை, அதனாலேயே விலகினேன். படிக்கிற இடங்கள் இருக்கின்றன.

உடம்புக்கு இது இலேசான வேலை இல்லை. நிற்க வேண்டும், தூக்க வேண்டும், ஈரத்தரையில் நடக்க வேண்டும், சோற்று நீராவி முகத்தில் அடிக்கும். ஆனால் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பகுதிநேரமாக வேலை தேடும் தமிழ்ப் பெண்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். வீட்டில் மாமியார் மாமனாரைப் பார்த்துக்கொண்ட அனுபவமும், தமிழும் கொஞ்சம் மலாயும் இங்கே பெரிய முதல். பக்கத்துத் துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் நேரே போய்க் கேளுங்கள். சாப்பாடு தேவைப்படும் மூத்தவர் யாராவது உங்கள் புளோக்கில் இருந்தால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800 650 6060 எண்ணுக்கு அழைக்கலாம். வேலைக்குச் சேரும் முன் ஒரு காலை தொண்டூழியராக நின்று பாருங்கள். விரல் மூடிய, வழுக்காத காலணி போட்டுப் போங்கள், நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.